நாற்காலி இருக்கிறது, வேலை எங்கே?

(வங்கி அலுவலர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே, வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளின் வேலை என்று பேச்செடுத்தாலே நாம் இடஒதுக்கீட்டுக்குப் போய்விடுகிறோம். 4 சதவீதம் நிரப்பினார்களா, நிரப்பாமல் சேர்ந்துகிடக்கும் பின்னடைவுக் காலியிடம் எத்தனை என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். இன்று நான் வேறு சிலரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதினைந்து, இருபது வருடம் உழைத்துத் தொழிலைக் கரைத்துக் குடித்த பிறகு, விபத்திலோ நோயிலோ குறைபாடு வந்தவர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

முதலில் குணால் சிங் வழக்கு. மத்திய அரசின் சிறப்புச் சேவைப் பிரிவு (எஸ்எஸ்பி) என்ற படையில் அவர் காவலர். பணியில் காலில் அடிபட்டு, அது அழுகி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. உடல்தகுதி இல்லை என்று 1998இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 2003இல் உச்ச நீதிமன்றம்தான், பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இயலாமை ஓய்வூதியம் வாங்குகிறார் என்பதைக்கூட அது தடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த அந்தப் பாதுகாப்பு, அதற்குப் பதிலாக வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவாக இருக்கிறது. நம்முடைய பொதுத்துறை வங்கிகளுக்கும் அது பொருந்தும். பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால், பொருத்தமான பணியிடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் நடைமுறையில் அதன் கடைசிப் படியை நாம் முதல் படியாக்கிவிட்டோம். ஒருவருக்குப் பார்வை மங்குகிறது என்று தெரிந்ததும், ‘சார், நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க? வந்து கையெழுத்துப் போட்டுட்டு உட்காருங்க, சம்பளம் வந்துடும்’ என்கிறோம். சொல்கிறவர் கெட்டவர் அல்ல, உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறார். என்னிடம் சொன்னவரும் நல்ல மனிதர்தான்.

அந்த அக்கறை எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள். இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்தவரின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் எழுத எதுவும் இருக்காது. பதவி உயர்வு நேர்காணலில், ‘சமீபத்தில் என்ன சாதித்தீர்கள்?’ என்று கேட்பார்கள். ஊனத்தைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்று அதே 20ஆம் பிரிவு சொல்கிறது. யாரும் ஊனத்தைக் காரணம் காட்ட மாட்டார்கள். வெற்று அறிக்கை ஒன்றே போதும், சட்டத்தைத் தொடாமலேயே ஆளை ஓரங்கட்டிவிடலாம்.

எனக்கு வந்திருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்லச் சிதையும் நோய். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். என் வேலை கடன் பிரிவில். ஒரு அரிசி ஆலை கேஷ் கிரெடிட் வரம்பை, அதாவது சரக்கை ஈடாகக் காட்டி எடுக்கும் கடனின் அளவை, உயர்த்தச் சொல்லிக் கேட்கிறது என்று வையுங்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்ற சரக்கிருப்பு அறிக்கையில் மூட்டைக் கணக்கு அமோகமாக இருக்கும். அதை அப்படியே நம்பாமல், அதே மாதங்களின் கரன்ட் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். அவ்வளவு நெல் அரைத்திருந்தால் யூனிட் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் நேரில் போய்க் கிடங்கைப் பார்க்க வேண்டிய கணக்கு அது. இந்தச் சந்தேகம் வருவதற்குக் கண் தேவையில்லை. அனுபவம்தான் தேவை, அது எனக்கு இருக்கிறது.

ஆனால் அந்த ஸ்டேட்மென்ட் எனக்கு எப்படி வருகிறது? செல்போனில் படம் பிடித்து, சாய்வாக, பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம். ‘கிராஃபிக்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதே கணக்கை எக்செல் கோப்பாக அனுப்பினால் கட்டம் கட்டமாக வாசித்துக் காட்டும். தமிழ்க் கடிதம் வந்தால் இன்னொரு சிக்கல். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் இருந்தால் சரி. பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், மென்பொருள் அதை ஆங்கில எழுத்துகளாக எடுத்துக்கொண்டு அர்த்தமில்லாமல் வாசிக்கும். யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னமும் பல மேசைகளில் பழைய எழுத்துருதான்.

இதற்கெல்லாம் செலவு ஆகுமே என்பார்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், 2006இல் எழுதத் தொடங்கினார்கள். இன்றுவரை இலவசம். அலுவலகக் கணினியில் அதை நிறுவ ஐடி பிரிவின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அந்த அனுமதிக்குத்தான் மாதக்கணக்கில் கோப்பு நகர்கிறது.

சில தடைகளுக்குப் பணமும் இடமும் தேவை, மறுக்கவில்லை. சாய்தளம் ஒரு அடி உயர்ந்தால் பன்னிரண்டு அடி நீள வேண்டும். ஒன்றரை அடி உயரப் படிக்கட்டுக்குப் பதினெட்டு அடி. அதை விட்டுவிட்டு செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு போட்டு, கூட நாலு பேர் பிடித்துத் தள்ளுவதைச் சாய்தளம் என்று கணக்கு காட்டக் கூடாது. லிப்ட் இல்லாத மாடிக் கிளைக்குச் சக்கர நாற்காலிக்காரரை மாற்றல் செய்யாமல் இருக்க ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் சான்றிதழ். ‘ஊனம் 40 சதவீதம் என்று மருத்துவச் சான்று வரட்டும், பார்க்கலாம்’ என்கிறார்கள். என்னைப் போல மெல்ல மெல்லப் பார்வை போகிறவர் அதுவரை என்ன செய்வது? விகாஸ் குமார் என்பவர் குடிமைப் பணித் தேர்வு எழுதியவர். கை எழுத வராத குறைபாடு அவருக்கு. 40 சதவீதச் சான்று இல்லை என்று, சொல்வதை எழுதும் உதவியாளரை மறுத்தார்கள். தேவையான வசதி கிடைக்க அந்த வரம்பு நிபந்தனை அல்ல என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நம் நிர்வாகத்தின் மேசையில் அந்தத் தீர்ப்பை வைக்க வேண்டியது சங்கத்தின் வேலை.

தனியார் வங்கியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 20(4) உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்ற 21ஆம் பிரிவு எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு. உங்கள் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பணியில் சேர்ந்த பிறகு குறைபாடு வந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

மாலையில் தீர்மானங்கள் எடுக்கும்போது மூன்று திருத்தங்களை முன்மொழிகிறேன். குறைபாடு வந்த அலுவலரிடம் பேசி, அவர் தொடர்ந்து செய்யக்கூடிய வேலைகளை எழுத்தில் பதிவு செய்யாமல் கூடுதல் பணியிடத்துக்கு மாற்றக் கூடாது. வாசிப்பு மென்பொருளுக்கான அனுமதியை ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். கடன் பிரிவுக்கு வரும் கணக்குகளை எக்செல்லாகவோ வாசிக்கக்கூடிய கோப்பாகவோ வாங்கும்படி எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போக வேண்டும். அந்தச் சுற்றறிக்கையையும் ஸ்கேன் செய்து அனுப்பாமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமையகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.