சுமைதாங்கிக் கல் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தில், வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகும் பக்கம் இருக்கும் ஒரு சிற்றூர் என்னுடையது. ஊரிலிருந்து நாகநதிக் கரைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போகும். சிறு வயதில் ஆயாவோடு அதில் நடந்த நடைக்குக் கணக்கில்லை. புளி, சுள்ளி விறகு, சீத்தாப்பழக் கூடை என்று பருவத்துக்குத் தக்கபடி அவள் தலைச்சுமை மாறும். என் கையில் எப்போதும் கூழ்த் தூக்கு.

பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கை கொடுக்காமலே அதன்மேல் இறக்கி வைக்கலாம், இளைப்பாறிவிட்டு மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற பெண் பிள்ளை பெறாமலே இறந்துவிட்டால் அவள் நினைவாக இதை நடுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்கு, வழிப்போக்கரின் சுமை இறங்கும்போதெல்லாம் ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

அந்தக் கல் ஆயாவின் அக்காளுக்காக நட்டது. வீட்டில் அவள் இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. ஒருநாள் அந்தக் கல்லைத் தாண்டிய பிறகு, முன்னால் நடந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள். ஒற்றையடிப் பாதையில் முன்னே போகிறவரின் குதிகாலைத்தான் பார்க்க முடியும், முகத்தைப் பார்க்க முடியாது. முகம் பார்த்துச் சொல்ல முடியாததை அங்கே சொல்லிவிடலாம். அவள் குரல் உடைந்ததைக் கேட்டேன், அழுததைப் பார்க்கவில்லை. பிறர் துயரத்தைப் பேசாமல் கேட்டுக்கொண்டு கூடவே நடக்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது. எந்த வகுப்பறையிலும் நான் அதைக் கற்கவில்லை.

நம் பழைய வடஆர்க்காடு மாவட்டம் வழிநடைக்கென்றே ஒரு பாட்டைப் பெற்ற மண். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. 583 அடிகள். அதில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பௌர்ணமி நாட்களில் இன்றும் மக்கள் ஏறும் மலை அது. பாம்பு எங்கே இருக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எங்கே வந்து விழும், பன்றிக்கு வைத்த பொறி எங்கே என்று புலவர் பெருங்கௌசிகனார் ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறார். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன இடம். பாதை பிரியும் சந்தியைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறார். இடம் புதிதாகையால் பின்னால் வருகிறவர்கள் திகைக்கக் கூடாதாம். பரிசு வாங்கப் போகிற ஏழைக் கூத்தனுக்கும், தனக்குப் பின்னால் யாரோ வருகிறார் என்ற நினைப்பு வேண்டும் என்கிறார் அந்தப் புலவர்.

அதே பாட்டில் பிரிவழிகள்தோறும் நடுகற்கள் வருகின்றன. செங்கம் வட்டாரத்தில் பிற்காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காத்து நின்று இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயின் பெயரையும் அதில் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன். ஒரு நாயின் பெயரைக்கூட மறக்க விடாத ஊர்க்காரர்கள்! அவர்களை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது.

இன்று எங்கள் பாதையில் பாதி தார்ச்சாலை. அகலப்படுத்தியபோது சுமைதாங்கிக் கல்லைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஒரு கால் உடைந்து கிடக்கிறது. சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வழியில்தான் இப்போது ஆம்புலன்ஸ் வருகிறது. அது அன்று வந்திருந்தால் அந்தக் கல்லுக்கே தேவை இருந்திருக்காது. ஆனால் பத்தடி தள்ளி அதை மறுபடி நட்டிருக்கலாம். உங்கள் ஊரில் சாலை வேலை நடந்தால், தயவுசெய்து ஒருவராவது போய் நின்று அதைக் கேளுங்கள்.

சென்ற மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். தார்ச்சாலை முடிந்த இடத்துக்கு அப்பால் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. கையால் விலக்கி விலக்கி நடந்தோம். கிடந்த கல்லைப் பார்த்தவள், இது எதற்கு, யார் வைத்தது என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரம் பதில் சொல்லாமல் நடந்தேன். நாகநதி மணல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், திரும்பிப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன்.