புளியரை ஏற்றத்தில் ஒரு லாரி எத்தனை கார்?

(திரையில்: புளியரை எஸ் வளைவு. எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று, பின்னால் வால் மாதிரி வண்டிகள்.)

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். லாரி முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும், எதிரே வண்டி வந்துகொண்டே இருக்கும், முந்த முடியாது. டீக்கடையில் இறங்கியதும் "ரோடு பத்தலை அண்ணாச்சி" என்போம். சரி, எத்தனை வண்டி வந்தால் பத்தாது? அந்தக் கணக்குக்குப் பெயர்தான் சாலைக் கொள்ளளவு ஆய்வு.

எண்ணுவதிலேயே முதல் சிக்கல். பைக்கும் டாரஸும் ஒன்றா என்ன? அதனால் எல்லா வண்டியையும் காராக மாற்றுகிறார்கள். இந்த அலகைப் பிசியு என்பார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990 வழிகாட்டியான ஐஆர்சி 64-இல் காரும் ஆட்டோவும் 1, பைக் 0.5, லாரியும் பஸ்ஸும் 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் 4.5. மாட்டுவண்டிக்கு 8! சிரிக்காதீர்கள், அதன் பின்னால் ஒருமுறை மாட்டிப் பாருங்கள், புரியும்.

ஒரு பேச்சுக்கு, கடை முன்னால் ஒரு மணி நேரத்தில் 120 பைக், 100 கார், 20 ஆட்டோ, 40 லாரி, 8 பஸ் போகிறது என்று வையுங்கள். மொத்தம் 288 வண்டி, பிசியுவில் 324. இதில் லாரியும் பஸ்ஸும் 48 தான், ஆனால் 144 பிசியு அவற்றுடையது.

அடுத்து ரோடு. அதே வழிகாட்டிப்படி, இருவழிச் சாலைக்குச் சமவெளியில் ஒரு நாளைக்கு 15,000 பிசியு. அதே அகலத் தார் மலையேறினால் 7,000. கிலோமீட்டருக்கு, எல்லா வளைவும் சேர்த்து, 200 பாகைக்கு மேல் வளைந்து நெளிந்தால் வெறும் 5,000.

இன்னொன்று, இவை ரோடு தாங்கும் உச்ச அளவு இல்லை, அதில் ஏறக்குறைய பாதி. சேவைத் தரத்தை ஏ முதல் எஃப் வரை பிரிப்பார்கள். ஏ என்றால் ரோடு காலி, எஃப் என்றால் நெரிசலில் சிக்கி நிற்பது. கிராமப்புறச் சாலையை பி தரத்துக்கு வடிவமைக்கச் சொல்கிறார்கள். ஏன் பாதியோடு நிறுத்த வேண்டும்? கிலோமீட்டருக்கு 10 வண்டி, வேகம் 60 என்றால் மணிக்கு 600 கடக்கும். 40 வண்டி, வேகம் 25 என்றால் 1,000. இன்னும் நெருக்கினால் வேகம் செத்து, எண்ணிக்கையும் இறங்கும், 100 வண்டி அசையாமல் நின்றால் கடப்பது பூஜ்யம். உச்சத்தை ஒட்டி ஓடும் ரோட்டில் ஒரு டாரஸ் பஞ்சரானால் போதும், எல்லாம் முடிந்தது.

அப்புறம் கார்த்திகை, மார்கழி. மேலே சொன்ன ஒரு நாளைக்கான கணக்கெல்லாம், நெருக்கடியான மணி நேரத்தில் நாள் போக்குவரத்தில் 8 முதல் 10 சதவீதம் வரும் என்று வைத்துப் போட்டவை. ஐயப்ப சாமிமார் வேன்கள் இதையெல்லாம் பார்த்தா வரும்? இப்படித் திரண்டு வருவதும் கணக்கில் விழட்டும் என்றுதான் 15 நிமிடக் கட்டங்களாக எண்ணுகிறார்கள்.

நாலுவழிதான் தீர்வா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மாதிரி ஏற்றங்களில் ஏறும் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு தடம் போடும் வழக்கம் உண்டு, லாரி அதில் மெதுவாகப் போகட்டும் என்று. ஆனால் புளியரையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்தத் தடத்துக்கு இடம் எங்கே வெட்டுவது என்பதுதான் பாக்கி.