நெல்வயல் பச்சையை அச்சடிக்க முடியாதா? ஒரு அல்வா பெட்டி ஓவியத்தின் கதை

[திரையில் இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தின் பின்னணி எலுமிச்சைப் பச்சை, வலது கட்டத்தின் பின்னணி மங்கிய செங்கல் நிறம். இரண்டின் நடுவிலும் ஒரு பச்சைப் புள்ளி.]

வணக்கம் மக்களே. இந்த இரண்டு புள்ளிகளில் எது பளிச்சென்று இருக்கிறது? வீடியோவை நிறுத்திவிட்டு இடது, வலது என்று கமென்டில் போட்டுவிட்டு வாருங்கள். பதில் நடுவில் வரும், ஓட்டிப் பார்க்கக் கூடாது.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து டிஜிட்டலில் படம் வரைந்து பிழைக்கிற ஆள். மாதச் சம்பளம் கிடையாது, வேலைக்கு வேலை காசு. எந்த ஆப் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஐபேடில் புரோகிரியேட், கம்ப்யூட்டரில் கிரிட்டா. கிரிட்டா முழுக்க இலவசம், ஐபேட் இருந்தால்தான் ஆர்ட்டிஸ்ட் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல், அதற்குக் குறைந்து ஆரம்பிக்காதீர்கள். கருவிக்கதை அவ்வளவுதான்.

இந்த வருஷம் கையில் இருந்த வேலைகளில் இரண்டைச் சொல்கிறேன், மூன்றாவது ஒரு கல்யாணப் பத்திரிகை, அதில் மாப்பிள்ளையின் மீசையைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வேலை, ஒரு அல்வா கடைக்குப் பெட்டி. கடைக்கார அண்ணாச்சி கேட்டது ரொம்ப எளிது: பின்னால் நெல்லையப்பர் கோயில் கோபுரம், முன்னால் தாமிரபரணி, அதன் கரையில் நெல்வயல். பிசானப் பருவத்து நெற்பயிர் நட்டு வேர்பிடித்த சமயத்தில் காலை வெயிலுக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறீர்களா? வெளிச்சம் இலையின் மேலே விழுவதோடு நிற்காமல் அதற்குள் புகுந்து வெளியே வரும், வயல் முழுக்க உள்ளே விளக்கு எரிகிற மாதிரி ஒரு பச்சை. அந்தப் பச்சைதான் வேண்டும் என்றார். சின்னச் சின்னதாக மாதிரிப் படங்கள் கிறுக்கி, அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கோடு ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்று வைக்கிற கண்ணாடித் தாள் மாதிரி), நிறம் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர் என்று வரைந்து போனில் அனுப்பினேன். சந்தோஷமாகிவிட்டார். சிவகாசியில் இருந்து மாதிரிப் பெட்டி வந்தது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னடே, போன்ல பயிரு பளபளன்னு நின்னுச்சு, பெட்டியில தண்ணி காட்டாம விட்ட மாதிரி வாடிப்போச்சே?"

அச்சகத்தின் மேல் குற்றம் இல்லை, அவருடைய கண்ணிலும் குறை இல்லை. இதுதான் இந்த வீடியோவின் விஷயமே.

திரை தானே வெளிச்சம் விடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளி, அதில் பச்சையை மட்டும் முழுதாக எரியவிட்டால் கண் கூசும். தாளுக்கு அந்த வசதி இல்லை. அறையில் இருக்கிற வெளிச்சத்தைக் கடன் வாங்கி அதில் ஒரு பங்கை மை விழுங்கியது போக மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. சாதாரண அச்சில் இருப்பது நான்கு மை, அதில் பச்சைக்கென்று தனி மை கிடையாது, சயான் என்கிற நீல மையும் மஞ்சள் மையும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். சயான் சிவப்பை மட்டும் விழுங்கினால் பிரச்சினையே இல்லை, ஆனால் நிஜமான சயான் மை பச்சையிலும் கொஞ்சம் கை வைக்கிறது. மஞ்சள் சும்மா இருக்குமா, அதன் பங்குக்கு அதுவும். இரண்டும் சாப்பிட்டது போக வருகிற பச்சைதான் பெட்டியில் இருக்கிற பச்சை. ஒரு கொடுமை, அந்த அச்சுப் பச்சையை இந்த வீடியோவில் உங்களுக்குக் காட்டவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் பார்ப்பதும் திரைதான்!

இந்த இடத்தில் நிறைய பேர் செய்வது, சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, இன்னும் ஏற்றுவது. உப்பு குறைந்த சாம்பாரில் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போடுகிற வேலை அது. திரையில் இன்னும் மின்னும், அச்சு எட்டுகிற எல்லை அப்படியே நிற்கும், அதுவரை இலைக்கு இலை இருந்த நிற வித்தியாசமும் போய் வயல் ஒரே பச்சைப் பட்டையாகிவிடும். காசு இருந்தால் ஐந்தாவதாக ஒரு தனி மை போட்டு அச்சடிக்கலாம். அண்ணாச்சியிடம் அதைச் சொன்னேன். "அல்வாவைத்தான் திங்கப் போறான், பெட்டியவா?" என்று முடித்துவிட்டார்.

சரி, இப்போது கட்டங்களுக்கு வருவோம்.

[பின்னணி நிறங்கள் மெதுவாக மறைகின்றன. புள்ளிகள் மட்டும்.]

இரண்டு புள்ளியும் ஒரே பச்சை! வலது என்று போட்டவர்கள் கையைத் தூக்குங்கள். செங்கல் நிறத்துக்கு நடுவில் இருந்ததால் அது ஏறித் தெரிந்தது, எலுமிச்சைப் பச்சைக்கு நடுவில் இருந்தது சோர்ந்து தெரிந்தது. இதை ஒழுங்காக உட்கார்ந்து ஆராய்ந்தவர் செவ்ரல் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபெலின் என்ற அரசாங்க நெசவுக்கூடத்தில் சாயத்துக்குப் பொறுப்பாளர். கறுப்பு நூல் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. நூலைச் சோதித்தால் சாயம் நன்றாகத்தான் இருந்தது. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அதைக் கெடுத்தன. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதிவிட்டார். மனுஷன் 102 வயது வரை இருந்தார். எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம், ஒரு புகாரை இவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு போகிற ஆளை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆக, பயிரை நான் தொடவே இல்லை. அதைச் சுற்றி இருந்ததை மாற்றினேன். வரப்பைச் செம்மண் நிறமாக்கினேன், தூரத்துத் தென்னைகளின் பச்சையில் சாம்பலைக் கலந்து பின்னால் தள்ளினேன், ஆற்றை நீலத்திலிருந்து இறக்கி லேசாகப் பழுப்பாக்கினேன் (நம் ஆறு நிஜத்தில் என்ன கண்ணாடி நீலமா?). மேட் லேமினேஷனுக்குப் பதில் பளபளப்பு லேமினேஷன் கேட்டேன், அதில் நிறம் கொஞ்சம் ஆழமாக நிற்கும். அடுத்த மாதிரிப் பெட்டியைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி "இப்பதான் தண்ணி பாஞ்சிருக்கு" என்றார்.

இரண்டாவது வேலை, கூந்தன்குளம் பறவைகளைப் பற்றி ஒரு குழந்தைகள் படக்கதை. நாங்குநேரி பக்கம் இருக்கிற ஊர், 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கே வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டும், பறவை பயந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மஞ்சள்மூக்கு நாரையின் பின்பக்கம் இறக்கை மடிகிற இடத்தில் ஒரு ரோஸ் நிறம் உண்டு, அதற்கும் இதே வித்தைதான், சுற்றியிருக்கும் இலைகளைச் சாம்பல் பச்சையாக்கிவிட்டேன். இளம் பறவைக்கும் அந்த ரோஸ் வேண்டும், அழகாக இருக்கும் என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். இளசுக்கு அது கிடையாது, வெளிர் பழுப்புதான். மாற்ற மறுத்துவிட்டேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒரு குழந்தை கூந்தன்குளம் போனால் பறவை அங்கே அப்படியே நிற்க வேண்டாமா?

கடைசியாகக் காசு, உரிமை. நீளமாகப் பேச மாட்டேன், ஒன்றே ஒன்று. வரைந்தவனுக்கே உரிமை என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். அதே மாதிரி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்காவது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், சொந்தக்காரர் ஆனாலும்.

இதையெல்லாம் அண்ணாச்சிக்கு விளக்கியபோது "அப்ப அஞ்சு வருஷம் கழிச்சு என் கடை வாசல்ல வந்து நிப்பியாடே?" என்றார். அல்வா பெட்டியில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மற்றதற்கு என்னைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார், கையெழுத்துப் போட்டார், அரை கிலோ அல்வா கட்டிக் கொடுத்தார், அதற்குப் பில்லும் போட்டார்.