மண்ணில் பிறக்கும் சலவை நொதி

வணக்கம் நேயர்களே. சட்டைக் காலரில் படியும் அழுக்கிலும், பால் கறையிலும், ரத்தக் கறையிலும் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்வது புரதம். அதை வெட்டுவதற்காகச் சலவைத் தூளில் சேர்க்கும் 'என்சைம்'களில், அதாவது நொதிகளில், முதன்மையானது சப்டிலிசின். பேசில்லஸ் என்ற மண் பாக்டீரியா இனம் தருவது.

அந்தப் பாக்டீரியாவைப் பிடிப்பது எளிது. ஒரு கிராம் மண்ணை 9 மில்லி உப்புநீரில் கலக்கி, 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைத்தால் மற்ற நுண்ணுயிர்கள் பெரும்பாலும் செத்துவிடும். வித்தாக உறங்கும் பேசில்லஸ் பிழைக்கும். நீர்க்கச் செய்து, கொழுப்பு நீக்கிய பால் கலந்த அகார் (கூழ்) தட்டில் பரப்பி, 37 டிகிரியில் ஒரு நாள் விட்டால், வெள்ளைத் தட்டில் சில காலனிகளை (பாக்டீரியாத் திட்டுகளை)ச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். அங்கே பால் புரதம் சிதைந்திருக்கிறது. வளையத்தின் அகலத்தை மட்டும் நம்ப வேண்டாம். காலனி பெரிதானாலே வளையமும் பெரிதாகும். திரவத்தில் வளர்த்து, நொதியை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, புரதத்தை வெட்டும் கத்தியைத் தன் வயிற்றுக்குள்ளேயே செய்யும் பாக்டீரியா ஏன் அறுபட்டுச் சாவதில்லை? உள்ளே உருவாவது 381 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கண்ணிகள்) கொண்ட, இன்னும் மடங்கி வடிவம் பெறாத சங்கிலி. முதல் 29 அதைச் செல்லின் சவ்வுக்கு வெளியே கொண்டுபோகும். வேலை முடிந்ததும் நறுக்கப்படும். அடுத்த 77தான் சூட்சுமம். மீதி 275ஐயும் சரியாக மடிய வைப்பது அதுவே. அது இல்லையென்றால் உருப்படியான நொதி கிடைக்காது. மடிந்ததும் நொதி அந்த 77ஐத் தானே வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு உடனே விலகாமல் நொதியின் வெட்டும் இடமான செயல்மையத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். எங்கோ ஒரு மூலக்கூறு விடுபட்டால் போதும், மற்றவற்றின் துண்டுகளை அது சிதைக்கும். பிறகு மளமளவென்று எல்லாம் செயல்படத் தொடங்கும்.

ஆலையில் வேறு தொல்லை. உணவு தாராளமாக இருக்கும்வரை பாக்டீரியா இதை அதிகம் சுரக்காது. சர்க்கரையை மொத்தமாகக் கொட்டினால் செல்தான் பெருகும். அதனால் சிறிது சிறிதாக ஊட்டுவார்கள். வடித்த நொதியும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதன் வடிவத்தை இறுக்கிப் பிடிப்பது கால்சியம். சலவைத் தூளில் நீரை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்களோ அந்தக் கால்சியத்தையே பிடுங்கப் பார்க்கும்!

பிளீச் இன்னொரு எதிரி. நொதியின் 222ஆவது இடத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அது ஆக்சிஜனேற்றி முடக்கிவிடும். 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஒன்றை மட்டும் அலனின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றினார்கள். நொதி பிளீச் வகையான ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்கியது, ஆனால் வேகம் குறைந்தது.

ஆகவே என்சைம் தூளில் துணி ஊறும் வாளியில் பிளீச்சோ கொதிநீரோ ஊற்றாதீர்கள். பட்டும் கம்பளியும் புரதமே. அவற்றை இதில் நனைக்கவே வேண்டாம்.