முள் குத்திய இடத்துக்கு வெள்ளணு வரும் வழி

நேயர்களுக்கு வணக்கம். குதிகாலில் கருவேல முள் குத்தி, நுனி உள்ளேயே முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் சிவந்து வீங்கும். ஓரிரு நாளில் சீழ் வைக்கும். அந்தச் சீழில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோஃபில்கள். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த இந்த வெள்ளணுக்கள் சரியாகக் குதிகாலில் எப்படி இறங்கின?

கூப்பிட்டவை கீமோகைன்கள் என்னும் குட்டிப் புரதங்கள். மனித உடலில் சுமார் 50 வகை உண்டு. கிருமியைக் கண்டதும் அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) இன்டர்லூக்கின்-8 என்ற கீமோகைனைச் சுரக்கின்றன. அது ரத்தத்தில் கலந்தால் அடித்துச் செல்லப்பட்டுவிடும். அதனால் நுண்சிரையின் உட்சுவரில் உள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அவ்வழியே வரும் நியூட்ரோஃபிலை முதலில் சுவரிலுள்ள செலக்டின்கள் என்ற ஒட்டுப் புரதங்கள் லேசாகப் பிடித்து உருள வைக்கின்றன. உருளும்போது அதன் ஏற்பியில் (அழைப்பை உணரும் மேற்பரப்புப் புரதம்) இன்டர்லூக்கின்-8 பட்டதுமே, அணுவின் மேல் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின்கள் என்ற பற்றுப் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றும். பிறகு சுவர்ச் செல்களின் இடுக்கில் நுழைந்து, கீமோகைன் அடர்ந்த திசையில் அணு ஊர்ந்து போகும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் இருந்தாலே அதற்குத் திசை தெரிந்துவிடும்.

மற்ற வெள்ளணுக்கள் ஏன் இப்படி ஓடி வருவதில்லை? இன்டர்லூக்கின்-8ஐ உணரும் சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பிகள் நியூட்ரோஃபில்களில்தான் மிகுதி. ஈசினோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களிடம் சிசிஆர்3 ஏற்பி இருக்கிறது. ஒவ்வாமை ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுரக்கும் ஈயோடாக்சின் என்ற கீமோகைன் அவற்றைத்தான் இழுக்கும். சிசிஎல்2 என்ற கீமோகைன் மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களை அழைக்கும். இதைப் பூட்டும் சாவியும் என்று விளக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஏற்பியில் பல கீமோகைன்கள் பொருந்தும். ஒன்றை மட்டும் மருந்தால் தடுத்தால், இன்னொன்று அந்த வேலையைச் செய்துவிடும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? இன்டெக்ரினின் ஒரு பாகமான சிடி18க்குரிய மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளிடம் இன்டெக்ரின் சரிவர அமைவதில்லை. அழைப்பு கேட்கும், ஆனால் அணுவால் சுவரில் நிற்க முடியாது. ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் பல மடங்கு பெருகியிருக்கும், புண்ணிலோ சீழே இராது. இக்குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழுவதும் தாமதமாகலாம். ஆனால் அந்தத் தாமதம் ஒன்றை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. மூன்று, நான்கு வாரமாகியும் விழாமல், அடிக்கடி தொற்றும் வந்து, வெள்ளணு எண்ணிக்கையும் எகிறியிருந்தால், சிடி18க்கான ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுக்களின் மேல் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பற்றிக் குழந்தைநல மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.