கதை இல்லாத கடல்

(காட்சி: கரும்பாறை, அதன்மேல் மோதிச் சிதறும் அலை. கேமரா மெதுவாக நெருங்குகிறது.)

வணக்கம். இந்த ஓவியத்தில் கப்பல் இல்லை, ஆள் இல்லை. பாறை, அலை, தெறிக்கிற தண்ணீர், அவ்வளவுதான்.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1895-ல் வரைந்த 'நார்த்ஈஸ்டர்' இது. வடகிழக்கிலிருந்து வீசும் புயற்காற்றின் பெயர். முதலில் மழைக்கோட்டு போட்ட இரண்டு பேர் இந்தப் பாறைமேல் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். 1901-க்குள் ஹோமரே வண்ணம் பூசி அவர்களை மறைத்துவிட்டார்.

ஏன்? எனக்குத் தோன்றுவது இதுதான். படத்தில் ஆள் இருந்தால் நம் கண் நேராக அங்கேதான் போகும். யார் இவர்கள், தப்பிப்பார்களா என்று மனம் கதை தேட ஆரம்பித்துவிடும். அலையை யார் பார்ப்பது?

(காட்சி: அலையின் முகடு, மிக நெருக்கத்தில்.)

சரி, இப்போது அலையை மட்டும் பாருங்கள். உடையப் போகும் நேரத்தில் முகட்டுப் பக்கம் தண்ணீர் மெலிந்துவிடும். வெளிச்சம் அதற்குள் புகுந்து வருவதால் அங்கே பச்சை. கீழே தண்ணீர் தடிமன், அதனால் கருமை. நுரை என்பது பொடிப்பொடிக் குமிழ்கள். வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் நிழலில் இருக்கும் நுரை வெள்ளை இல்லை, நீலம் கலந்த சாம்பல். அங்கேயும் வெறும் வெள்ளையை அப்பினால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் கரையில் நாள்கணக்கில் நின்று பார்த்தவர்களுக்கே பிடிபடும். ஹோமர் 1883-லிருந்து மெய்ன் மாநிலத்தின் பிரௌட்ஸ் நெக் கடற்கரையிலேயே குடியிருந்தவர்.

அவருக்கு முன்பே பிரான்சில் ஒருவர் இப்படி அலையோடு மல்லுக்கட்டினார்: குஸ்தாவ் கூர்பே. 1869-ல் எத்ரெத்தா என்ற கடலோர ஊரில் தங்கி, அலைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். தூரிகை போதாமல் கத்தியால் வண்ணத்தை அள்ளித் தடிமனாக இழைத்தார். அவருடைய நுரையைப் பக்கவாட்டில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். பெரிய கடல் ஓவியம் என்றாலே போர்க்கப்பல், கப்பல் விபத்து என்று பழகியிருந்த காலம் அது. அப்போது வெறும் அலைக்கே ஒரு முழு ஓவியத் துணியையும் கொடுத்திருக்கிறார். எனக்கு இது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

அப்புறம், மறுபடி ஹோமரிடம் வருவோம். அரை நிமிடம் நான் பேசப்போவதில்லை. அந்தப் பச்சையில் தொடங்கி, கண் போகிற பக்கம் போகட்டும்.

(காட்சி: முழு ஓவியம். அலையோசை மட்டும், 30 விநாடி.)