பட்டியலில் இடம் கிடைக்காத சாய்தளம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

எளிய எந்திரங்கள் என்றதும் பள்ளியில் மனப்பாடம் செய்த ஆறு பெயர்கள் நினைவுக்கு வரும். நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், ஆப்பு, திருகு, சாய்தளம். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஹீரோன் போட்ட பட்டியலில் ஐந்துதான் இருந்தன. சாய்தளம் அதில் இல்லை. அசைகிற உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் சும்மா கிடக்கும் சரிவை எந்திரம் என்று யாருக்குத்தான் சொல்லத் தோன்றும்?

இடைக்கால ஐரோப்பாவில் மனிதர்கள் பாரம் தூக்கிய இடங்களைக் கவனித்துப் பாருங்கள். எங்கு திரும்பினாலும் இந்தச் சரிவுதான் நிற்கிறது. பல இடங்களில் வேறு உருவத்தில் நிற்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. இரண்டு சரிவுகளை அடியோடு அடி ஒட்டினால் ஆப்பு. ஒரு சரிவை உருளையைச் சுற்றி ஏற்றினால் திருகு.

முதலில், மாறுவேடம் போடாத சரிவு. அந்தக் காலத்தில் பிரான்சின் போர்தோ துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஒயின் போய்க்கொண்டிருந்தது. பெரிய பீப்பாய் ஒன்று நிரம்பினால் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. டன் என்கிற அளவின் பெயரே அந்தப் பீப்பாயிலிருந்து வந்ததுதான். கப்பல் எவ்வளவு பெரியது என்பதையும், எத்தனை பீப்பாய் கொள்ளும் என்று கேட்டுத்தான் சொன்னார்கள். ஆயிரம் கிலோவை யாரால் தூக்க முடியும்? உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள இரண்டு உத்தரங்களைச் சாய்த்துப் போட்டால், மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். வடத்தின் ஒரு முனையை மேலே கட்டி, பீப்பாயின் அடியால் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையை மேலிருந்து இழுத்தால் பீப்பாயே கப்பியாகிவிடும். அப்போது அதிலும் பாதி, அதாவது ஆறில் ஒரு பங்கு போதும். அதற்கு ஈடாக ஆறு மடங்கு நீளக் கயிற்றை இழுக்க வேண்டும், உராய்வுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுக்க வேண்டும். மொத்த உழைப்பு துளியும் குறைவதில்லை. ஒரே மூச்சில் முடியாததைப் பல மூச்சுகளாகப் பிரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து ஆப்பு. டென்மார்க்கின் ரோஸ்கில்டே கழிமுகத்தில் 1962-இல் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் ஐந்து கப்பல்களைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய 30 மீட்டர் நீளமான போர்க்கப்பல் 1042 வாக்கில் அயர்லாந்தின் ஓக் மரத்தில் கட்டப்பட்டது. அதன் பலகைகள் ரம்பத்தால் அறுத்தவை அல்ல. அடிமரத்தில் ஆப்பு அடித்து இரண்டாக, நான்காக, எட்டாக, பதினாறாகப் பிளந்து, கோடரியால் செதுக்கி எடுத்தவை. ரம்பம் நாரை வெட்டிக்கொண்டு போகும். ஆப்பு அப்படியில்லை, நார் போகிற வழியிலேயே போகும். அதனால் பலகை மெல்லியதாக இருந்தும் உறுதி குறையவில்லை. நல்ல கருவி, பொருளின் போக்கைக் கேட்டு நடக்கும் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

திருகைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1230 வாக்கில் வில்லார் தெ ஹொன்கூர் என்பவர் வரைந்த ஓவியக் குறிப்பேட்டில் திருகால் பாரம் தூக்கும் பொறி ஒன்று இருக்கிறது. திராட்சை பிழியும் ஆலைகளிலும் திருகு இருந்தது. 1450 வாக்கில் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்செழுத்துகளின் மேல் காகிதத்தை அழுத்தியதும் அதே திருகால்தான்.

சரி, இப்போது தேவாலயங்களுக்கு வருவோம். 1174-இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி தேவாலயத்தில் தீப்பிடித்தது. திரும்பக் கட்டுவதற்கு பிரான்சிலிருந்து சென்ஸ் நகரத்து வில்லியம் என்கிற தலைமைக் கல்தச்சர் வந்தார். கல்லைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும். கப்பலில் ஏற்ற இறக்கவும், கல்லையும் சாந்தையும் மேலே தூக்கவும் அவர் நுட்பமான பொறிகள் செய்தார் என்று அந்த மடத்துத் துறவி கெர்வாஸ் எழுதி வைத்திருக்கிறார். 1178-இல் சாரத்திலிருந்து 50 அடி கீழே விழுந்தார் வில்லியம். படுத்த படுக்கையாகவே சிலகாலம் வேலையை நடத்திவிட்டு ஊர் திரும்பினார். இந்தக் கட்டடங்களின் உயரத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

பிற்பாடு பெரிய தேவாலயங்களில் பரவலாக வந்தது மிதிசக்கரப் பாரந்தூக்கி. நான்கு மீட்டர் விட்டமுள்ள மரச்சக்கரத்துக்குள் ஓர் ஆள் நடப்பார், அச்சில் கயிறு சுற்றும். அச்சின் விட்டம் 40 சென்டிமீட்டர் என்றால் பத்து மடங்கு ஆதாயம். ஆனால் அந்த ஆள் எங்கே நடக்கிறார்? சக்கரத்தின் உள்வளைவில், முடிவே இல்லாத ஒரு சரிவில். பாரம் கூடக்கூட அவர் வளைவில் இன்னும் மேலே ஏறி மிதிக்க வேண்டும். ஜெர்மனியின் கொலோன் தேவாலயம் பாதியில் நின்றபோது, அதன் தெற்குக் கோபுரத்தின் உச்சியில் இப்படி ஒரு பாரந்தூக்கி அப்படியே விடப்பட்டது. ஏறக்குறைய 400 ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. 1868-இல்தான் இறக்கினார்கள்.

சரிவின் கணக்கைக் கண்டுபிடித்ததும் இதே இடைக்காலம்தான். சரிவில் பாரத்தை ஏற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்று 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கணித அறிஞர் பாப்பஸ் முயன்று தவறவிட்ட கணக்கு அது. ஜோர்டானஸ் என்கிற கணித அறிஞரின் பெயரில் வழங்கும் 13-ஆம் நூற்றாண்டு லத்தீன் நூலில் அதற்குச் சரியான விடை இருக்கிறது. ஒரே உயரத்திலிருந்து இருபுறமும் இறங்கும் இரண்டு சரிவுகளில், கயிற்றால் இணைத்த இரண்டு எடைகளை வைக்கிறோம். சரிவுகளின் நீளம் எந்த விகிதமோ, எடைகளும் அதே விகிதமானால் இரண்டும் அசையாமல் நிற்கும். கலிலியோவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் எழுதப்பட்டது இது. ஜோர்டானஸ் பெயரைப் பாடநூல்களில் அதிகம் பார்க்க முடிவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கடைசியாக, வேல்ஸ் நாட்டின் ஹார்லெக், கான்வி கோட்டைகள். இரண்டையும் 1283-இல் கட்டத் தொடங்கினார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் கட்டளை, சவாய் பகுதியிலிருந்து வந்த ஜேம்ஸ் என்கிற தலைமைக் கல்தச்சரின் மேற்பார்வை. வட்டக் கோபுரங்களின் வெளிச்சுவரில், சாரத்தின் குறுக்குக் கழிகளைச் செருகிய துளைகளை இன்றும் பார்க்கலாம். வழக்கமாக இத்தகைய துளைகள் மட்டமான வரிசைகளாக இருக்கும். இங்கே அவை சாய்வாக, கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. சாரத்தையே ஒரு சரிவுப் பாதையாக அமைத்து, அதன் வழியே கல்லை மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். மரம் எப்போதோ போய்விட்டது. கல்லில் அந்தப் பாதையின் தடம் மட்டும், 700 ஆண்டுகளுக்குப் பிறகும், கோபுரத்தைச் சுற்றி ஏறிக்கொண்டே இருக்கிறது.

வணக்கம்.